புல்தரைக்குப் பாயும் தண்ணீர் ஏன் நாறுகிறது?

(தாம்பரம் வட்டாரக் குடும்பங்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அஸர் தொழுத கையோடு இந்த வெயிலில் கிளம்பி வந்திருக்கிறீர்கள். ஜஸாக்குமுல்லாஹு கைரன்.

இந்த மாதம் கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்திருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று பல பக்கத்திலிருந்தும் நம் அலுவலகத்துக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதுதான் காரணம். கேட்பவர்கள் எல்லோரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள். சாயங்காலம் புல்தரைக்குத் தண்ணீர் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பிள்ளைகள் அதே புல்லில் உருண்டு புரண்டு, நனைந்த துணியோடு மஃரிப் நேரத்தில் வீட்டுக்குள் வருகிறார்கள். அந்தத் துணியோடு தொழலாமா? அந்தத் தண்ணீர் நஜீஸா? பிள்ளைக்கு நோய் வருமா? அசோசியேஷனில் யாரிடம், எப்படிச் சொல்வது?

நல்ல கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்ல, முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அது நம் வீட்டுத் தண்ணீர்தான். நம் குளியலறையிலும் அடுப்படியிலும் கழிப்பறையிலும் போனது, எஸ்.டி.பி. எனப்படும் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகத் திரும்பி வருகிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுவது நம் நாட்டு வழக்கம். அதில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பதும் கணக்கு. 100 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் தினமும் 43,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் மூன்றரை லாரிக்கும் மேல். 2019 ஜூனில் செம்பரம்பாக்கமும் புழலும் பூண்டியும் சோழவரமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் என்று சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் லாரிக்காக ராத்திரி விழித்திருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஊரில் தினமும் மூன்றரை லாரித் தண்ணீரைப் புல்லுக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் பயன்படுத்துவது நல்ல காரியம். ஆகவே, நாறுகிறது, இந்த ஏற்பாடே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. நாற்றம் ஏதோ ஒரு சேதி சொல்கிறது. அந்தச் சேதியைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் உண்மையில் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை கழிவைத் தின்று தீர்க்கின்றன. தின்பதற்கு அவற்றுக்குக் காற்று வேண்டும். அதற்காகத்தான் ப்ளோயர் என்ற இயந்திரம் தொட்டியின் அடியிலிருந்து இடைவிடாமல் காற்றை ஊதுகிறது. காற்று நின்றால் அந்த உயிர்கள் மடியும். காற்று இல்லாமல் வாழும் வேறு வகை உயிர்கள் பெருகும். அவை விடும் வாயுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது.

ஆக, முட்டை நாற்றம் வந்தால் தொட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். நன்றாக ஓடும் தொட்டியின் பக்கத்தில் நின்றால் மழை பெய்த மண் போன்ற வாடைதான் இருக்கும். உள்ளே தண்ணீர் பழுப்பு நிறத்தில் கொப்பளித்துக்கொண்டிருக்கும். கறுத்துப்போயிருந்தால் காற்று போதவில்லை. இதைப் பார்க்க இன்ஜினியர் வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் இருந்தால் போதும்.

காற்று ஏன் நிற்கிறது? பெரும்பாலும் கரண்ட் பில். அந்த நிலையத்தில் அதிகம் மின்சாரம் தின்பது ப்ளோயர்தான். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றாதே என்று கூட்டத்துக்குக் கூட்டம் நாமும்தான் குரல் கொடுக்கிறோம். பராமரிப்பாளர் என்ன செய்வார்? ராத்திரியில் நாலைந்து மணி நேரம் அதை நிறுத்திவைப்பார். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஓடும், ப்ளோயருக்கு இணைப்பே கொடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டியதில்லை. சுத்திகரித்த தண்ணீர் தொட்டியில் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. நன்றாகச் சுத்தம் செய்த தண்ணீரும் அப்படிக் கிடந்தால் மிச்சம் இருக்கும் கொஞ்சக் கழிவு அழுகி மறுபடி நாறும். மழை விட்டு மார்கழி கடைசியிலோ தையிலோ மோட்டாரைப் போடும்போது அந்தப் பழைய தண்ணீர்தான் முதலில் வெளியே வருகிறது. நிலையமே கெட்டுப்போய்விட்டது என்று அப்போது சண்டை போட வேண்டாம். தொட்டியைக் காலி செய்து கழுவி, புதிதாக நிரப்பினால் சரியாகிவிடும்.

போர் தண்ணீரும் நாறும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம். தாம்பரம் பக்கம் சில இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு வாடை உண்டு. வாளியில் செம்பழுப்புக் கறை படியும். லேசான முட்டை வாடையும் சில இடங்களில் உண்டு. ஆனால் அதை வாளியில் பிடித்துத் திறந்துவைத்தால் கொஞ்ச நேரத்தில் வாடை போய்விடும். கழிவுநீர் வாடை அப்படிப் போகாது. ஒரு சுத்தமான பாட்டிலில் புல்தரைத் தண்ணீரைப் பிடித்து, மூடி, நிழலில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் திறக்கும்போது நாற்றம் கூடியிருந்தாலோ நிறம் கறுத்திருந்தாலோ சுத்திகரிப்பு முழுமையாகவில்லை. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் அசோசியேஷன் கூட்டத்தில் மேஜை மேல் வைத்துக் காட்ட இது போதும்.

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சமைக்கும் ஆண்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறோம். பிரியாணிச் சட்டியில் மிஞ்சும் எண்ணெயையும் கறிக் கொழுப்பையும் சிங்க்கில் ஊற்றக் கூடாது. அது குழாயில் உறைகிறது, தொட்டியில் மேலே படலமாக மிதந்து உள்ளே காற்று கரைவதைக் கெடுக்கிறது. சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால் பாதி வேலை முடிந்தது.

பக்ரீத் மூன்று நாளும் இன்னும் கவனம் வேண்டும். குர்பானிக் கறியைக் கழுவும் ரத்தமும் கொழுப்பும் ஒரே நேரத்தில் பல வீடுகளிலிருந்து போனால் நுண்ணுயிர்களால் அத்தனையையும் தாங்க முடியாது. கறியை அறுக்கும் இடத்திலேயே முடிந்தவரை சுத்தம் செய்து வாங்கி வருவது நல்லது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு குடியிருப்பில் பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்து எழுந்த நாற்றத்துக்கும் நம் குடும்பங்கள் மேல் பழி வந்தது. விசாரித்தால், ப்ளோயரின் பெல்ட் அறுந்து ஒரு வாரமாக ஓடவில்லை. நம் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டுமானால், நம் பங்கை நாம் சரியாகச் செய்திருக்க வேண்டும்; எந்திரத்தின் கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும்.

ரமளானிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ப்ளோயரை ராத்திரி ஒரு மணி முதல் ஐந்து மணி வரை நிறுத்தும் இடங்களில், நம் வீடுகளில் அடுப்படியும் குளியலறையும் ஓடுவது சஹர் நேரமான அந்த வேளையில்தான். கழிவு வருகிறது, காற்று இல்லை. நோன்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பராமரிப்பாளரிடம் போய், இந்த மாதம் எங்கள் வீடுகளில் நேரம் மாறும் என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அவர் மாற்றி வைப்பார். அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது தொழுகைக் கேள்வி. நாங்கள் ஆலிம்கள் அல்ல. ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிவுநீரைச் சுத்திகரித்தால் அது தூய்மையாகுமா என்ற கேள்வி புதிதல்ல. 1978-ஆம் ஆண்டிலேயே, ஹிஜ்ரி 1398-இல், சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் அவை இதை எடுத்து விவாதித்தது. பல கட்டங்களில் சுத்திகரித்து, நிறத்திலும் சுவையிலும் வாடையிலும் அசுத்தத்தின் அடையாளமே இல்லாமல் தண்ணீர் தன் இயல்புக்குத் திரும்பிவிட்டால் அது தூய்மையானது, ஒளூவுக்கும் குளிப்புக்கும் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. குடிப்பதை மட்டும் உடல்நலத்தை முன்னிட்டுத் தவிர்ப்பது நல்லது என்றது. இதில் கவனிக்க வேண்டியது அந்த நிபந்தனை. நம் குடியிருப்புகளில் புல்லுக்காகச் செய்யும் சுத்திகரிப்பு அந்த அளவுக்குப் போவதில்லை. நாற்றம் அடிக்கும் தண்ணீர் அந்த நிபந்தனையில் முதல் படியிலேயே தோற்றுவிடுகிறது.

ஆகவே நாறும் தண்ணீர் துணியில் பட்டது உறுதியாகத் தெரிந்தால், அந்த இடத்தைக் கழுவிவிட்டுத் தொழுங்கள். பட்டதா இல்லையா என்று சந்தேகம் மட்டும் என்றால், சந்தேகத்தால் உறுதி நீங்காது என்ற பொது விதி இருக்கிறது. பிள்ளையின் துணியை முகர்ந்து பார்த்து வஸ்வாஸில் விழ வேண்டாம். புல்தரையில் தொழுவது பற்றியும் கேட்கிறீர்கள். அசுத்தம் பட்ட தரை காய்ந்து, அடையாளம் போய்விட்டால் அங்கே தொழலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் தண்ணீர் ஊற்றித்தான் சுத்தமாக்க வேண்டும். நம் பகுதியில் இரண்டு மத்ஹபினரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். சுத்தமான ஜமுக்காளம் விரித்துத் தொழுதால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

ஹஜ்ரத்மார்கள் எடுத்துச் சொன்ன இன்னொரு சட்டம் எங்களை வியக்கவைத்தது. இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில் இருப்பது. அசுத்தத்தால் மாறிப்போன நிறைந்த தண்ணீரில் அந்த மாற்றம் தானாகவோ, மேலும் தண்ணீர் சேர்ந்தோ நீங்கினால் அது தூய்மையாகும். கஸ்தூரியையோ குங்குமப்பூவையோ போட்டு வாடையையும் நிறத்தையும் மறைத்தால் தூய்மையாகாது. எழுநூறு வருடத்துக்கு முன் எழுதியது. இன்று நம் குடியிருப்புகளில் என்ன செய்கிறார்கள்? நாற்றம் என்று புகார் போனதும் வாசனைத் திரவத்தை ஒரு கேன் ஊற்றுகிறார்கள். அல்லது பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறார்கள். இரண்டு நாள் மல்லிகை மணக்கும், மூன்றாம் நாள் மல்லிகையும் முட்டையும் சேர்ந்து வரும். குளோரின் கடைசிக் கட்டத்தில் அளவோடு போட வேண்டியதுதான், கிருமியைக் கொல்லும். ஆனால் கழிவு மிச்சம் இருக்கும் தண்ணீரில் அது கழிவோடு சேர்ந்தே செலவாகிப்போகும். கொட்டி வைத்தால் புல்லும் கருகும். வாசனைத் திரவத்துக்கு அசோசியேஷன் பணம் செலவழிக்கிறது என்றால் அந்தப் பில்லைக் கேளுங்கள்.

நோய் பற்றி. நாற்றம் மட்டுமே நோய் தராது; சரியாகச் சுத்தமாகாத தண்ணீரில் இருக்கும் கிருமிகள் தரும். வாய்க்குள் போவதுதான் ஆபத்து. அதனால் தண்ணீரைப் பன்னீர் தெளிப்பது போல மேலே வீசும் ஸ்பிரிங்க்ளரை விட, தரையோடு விடும் ஹோஸும் சொட்டுக் குழாயும் நல்லது. பிள்ளைகள் விளையாடும் சாயங்காலத்தில் விடாமல் ஃபஜ்ருக்குப் பின் விடச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்குள் புல் காய்ந்துவிடும். விளையாடி வந்த பிள்ளைக்கு முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவல், அப்புறம் தின்பண்டம்.

இதைவிடப் பெரிய பயம் குழாய்கள் மாறிப்போவது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தது என்று மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பில் அது மறுக்கப்பட்டது. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் நம் கட்டடத்துக்குள்ளேயே இரண்டு தண்ணீர் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் ஓடுகின்றன. ஒரு பிளம்பர் அவசரத்தில் ஒரு இணைப்பை மாற்றிவிட்டால் போதும். சுத்திகரித்த தண்ணீர்க் குழாய்க்குத் தனி நிறம் அடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஊதா நிறம் வழக்கம். நமக்கு எந்த நிறமானாலும் சரி, கட்டடம் முழுக்க ஒரே நிறமாக இருக்கட்டும். தோட்டத்துக் குழாய்களில் ‘குடிக்கக் கூடாது’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள் அந்தக் குழாயில் வாய் கொப்பளிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இந்தக் கூட்டத்தையே இதற்காகத்தான் கூட்டினோம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

நாற்றம் தாங்காமல் புகார் கொடுக்கிறோம். உடனே சரிசெய்யுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் காய்ச்சி எடுக்கிறோம். அந்த அவசரம் கடைசியில் யார் தலையில் விடிகிறது? ஒரு ஆளைக் கூட்டிவந்து, தொட்டிக்குள் இறங்கி அடைப்பை எடு என்கிறார்கள். முட்டை நாற்றம் அடிக்கும் தொட்டியில் இருப்பது ஆளைக் கொல்லும் வாயு. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். இன்னொரு கொடுமை, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே போகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். இப்படி இரண்டு பேர், மூன்று பேர் என்று சாகும் செய்திகளைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. வேலைக்குக் கூப்பிட்ட அசோசியேஷன் நிர்வாகிகள்மேல் வழக்கு வரும். வழக்கு வருமே என்று பயந்து இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை நம் புல்தரைக்காகச் சாகக் கூடாது. உங்கள் கட்டடத்தில் யாரையாவது உள்ளே இறக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அங்கேயே நின்று தடுங்கள். 14420 என்ற எண்ணுக்குப் பேசினால் எந்திரத்தோடு வரும் முறையான கழிவுநீர் வண்டிக்கு வழி சொல்வார்கள்.

அந்த வண்டியும் எங்கே கொட்டுகிறது என்று கேளுங்கள். சில இடங்களில் நிலையத்தையே மூடிவிட்டு, தினமும் லாரியில் அனுப்பிவிடுகிறார்கள். லாரி ராத்திரியில் ஏரிக்கரையிலோ மழைநீர்க் கால்வாயிலோ திறந்துவிட்டுப் போனால், செம்பாக்கம் ஏரியில் விழுந்தது நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வரைக்கும் போகும். அந்த ஏரிகளைச் சுற்றியுள்ள வீடுகளின் போர் தண்ணீருக்கும் அதுதான் ஊறும். கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் வேண்டும் என்று 2022-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. உரிமத்தைக் கேட்டுப் பார்த்து, அதன் நகலை வாங்கிவைத்துக்கொள்வது அசோசியேஷனின் வேலை.

அசோசியேஷனில் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். தனியாகப் போக வேண்டாம், நாம் மட்டும் கூட்டமாகவும் போக வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரையும் எதிர் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். நாற்றம் அவர்கள் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது. சத்தம் போடாமல் மூன்று காகிதம் கேளுங்கள். ப்ளோயர் தினம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவேடு, கடைசியாகத் தண்ணீரைச் சோதித்த ஆய்வக அறிக்கை, கழிவுச் சேற்றை எடுத்துப்போன தேதியும் ரசீதும். இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேல் கட்டிய பெரிய குடியிருப்பு என்றால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் கட்டியிருப்பார்கள். சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுவது அந்த அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றாக இருக்கும். அந்தக் கடிதத்தின் நகலையும் கேளுங்கள். அதோடு, ப்ளோயரை நிறுத்தாமல் ஓட்டினால் பராமரிப்புக் கட்டணம் கொஞ்சம் கூடும் என்று அவர்கள் சொன்னால், தருகிறோம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் கேட்பதில் அர்த்தமில்லை.

கடைசியாகப் பள்ளிவாசல்கள். ஒளூச் செய்த தண்ணீரில் கழிப்பறைக் கழிவு கிடையாது, எண்ணெய் கிடையாது. அதைச் சாக்கடையில் விடாமல் தனிக் குழாயில் எடுத்து, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாகச் செடிகளுக்கு விடலாம். தேக்கிவைக்காமல் அன்றன்றே விட்டுவிட்டால் நாறாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்திருக்கிறார்கள்; அது ஏறத்தாழ ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு. நம் குழாயை ஒரு தடவை வாளிக்குள் திறந்துவைத்து ஒளூச் செய்து பாருங்கள், எவ்வளவு நிற்கிறது என்று. நம் பகுதிப் பள்ளிவாசல் ஏதாவது ஒன்றின் நிர்வாகம் இதற்கு இடம் கொடுத்தால், குழாய் வேலைக்கும் தொட்டிக்கும் ஆகும் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும். முத்தவல்லிமார்கள் யாராவது இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களைப் பாருங்கள்.

பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் அதில் குடியிருப்பின் பெயரும் பிடித்த நேரமும் எழுதி வாசல் மேஜையில் வைத்துவிட்டுப் போங்கள். நாளைக் காலையிலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறோம்; செலவு நம்முடையது. அறிக்கை வந்ததும், இன்ஷா அல்லாஹ், அந்தந்தக் குடும்பத்துக்கே நேரில் தருவோம். பெண்களுக்கான கேள்வி நேரம் மாடியில், மஃரிபுக்குப் பிறகு.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.